தாம்பூலத் தட்டில் வந்த போன்

கூண்டு இல்லாமல், கதவு இல்லாமல், சக்கரங்களும் ஓர் இஞ்சினும் இரண்டு நீள இரும்புச் சட்டங்களும் மட்டுமாக ஒரு லாரி சாலையில் போகிற சத்தம் தனிச் சத்தம். மூடி இல்லாத சத்தம். வீட்டுக்குள் பேசிப் பழகிய ஒருவர் திடீரென்று வெட்டவெளியில் நின்று கத்துவது போல இருக்கும். ஓட்டுநர் வெறும் பலகை மேல் உட்கார்ந்திருப்பார். தலையைச் சுற்றித் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வருகிற காற்று முழுவதும் அவர் நெஞ்சில். தொழிற்சாலையிலிருந்து எலும்பாகக் கிளம்பி அது நாமக்கல்லுக்கு வரும். நாமக்கல்லில்தான் அதற்கு உடம்பு.

இப்போது நான் இருக்கும் ஊரில் அந்தச் சத்தம் அபூர்வம். என்றைக்காவது ஒன்று தெருமுனையைத் தாண்டினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். முதலில் பெயின்ட் தின்னர் வாசனை வருகிறது. பிறகு அறுத்த பலகையின் வாசனை. பிறகு வெல்டிங்கில் வெந்த இரும்பு. அந்த மூன்றுக்கும் நடுவில், காதுக்கு மேலே ஒரு சாக்பீஸைச் செருகிக்கொண்டு அக்கா நிற்கிறார்.

பட்டறைக்கார அக்கா என்றால் சேலம் ரோட்டில் யாரும் கை காட்டுவார்கள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. அவர் கணவர் வடநாட்டு லைனில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்; மாதத்துக்கு ஒரு முறை வந்து, தூங்கி, சாப்பிட்டு, மறுபடியும் போய்விடுவார். பட்டறை அக்காவின் கையில் இருந்தது. பட்டறைக்குப் பின்னால் வீடு, வீட்டு மாடியில் ஓர் அறை. அந்த அறையில் நான் மூன்று வருடம் குடியிருந்தேன். காலையில் ராசிபுரம் வழி பஸ்ஸைப் பிடித்துச் சேலம் போவேன். அங்கே ஒரு கைபேசிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கெட்டுப்போன போன்களை வாங்கி, சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. வாரண்டி உண்டா இல்லையா என்பதை முதலில் சொல்ல வேண்டியவன் நான்.

“அப்ப, இல்லைன்னு சொல்றதுக்குச் சம்பளம் வாங்கறே,” என்றார் அக்கா, நான் குடிவந்த அன்றைக்கே.

“உண்டுன்னும் சொல்லுவனுங்க.”

“அதுக்கு எதுக்குச் சாமி ஆளு? உண்டுங்கறதை யாரு வேணும்னாலும் சொல்லலாம்.”

அக்காவின் கைக்கு வந்த எதுவும் வந்தபடி இருந்ததில்லை. வாஷிங் மெஷின் வேலை முடித்ததும் ஒரு பாட்டுப் பாடும் இல்லையா, வந்த வாரமே அந்த ஒயரைக் கத்தரித்தார். “துணி தொவைச்சதுக்கு எதுக்கு மேளதாளம்?” ஃபிரிட்ஜ் கதவைக் கழற்றி வலத்தை இடமாக்கினார். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் கேஸ் சிலிண்டர் நிற்க ஒரு தொட்டில் வெல்டிங் செய்து வைத்தார். ராசிபுரத்தில் எடுத்த பட்டுச்சேலையைக்கூடக் கடையிலேயே முழுசாக உதறி, திருப்பி, பின்பக்கத்து இழையைப் பார்த்த பிறகுதான் விலை கேட்பார். புதுச் சாமானின் டப்பாவைப் பிரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மகிழ்ச்சி இல்லை அது. வைத்தியர் நாடி பார்க்கிற முகம்.

“கம்பெனிக்காரன் என்ற ஊட்டுக்கு வந்து பார்த்தானா? என்ற கை நீளம் அவனுக்குத் தெரியுமா? அவன் குடுக்கறது சேஸு சாமி. பாடி நம்முது.”

சேஸு என்பது அந்த எலும்பு லாரி. ஊர் முழுக்க அப்படித்தான் யோசித்தது. வெறும் சட்டமாக வருகிற ஒன்றை உடம்போடு அனுப்பிப் பழகிய ஊருக்கு, உடம்போடு வருகிற எதன் மேலும் ஒரு சந்தேகம். ஆனால் மற்றவர்கள் அந்த எண்ணத்தைப் பட்டறையோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அக்கா வீட்டுக்கும் கொண்டுபோனார்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது என் அறைக் கதவு வேறு பக்கமாகத் திறந்தது. தாழ்ப்பாள் இடம் மாறியிருந்தது. சுவிட்சுப் பலகை கட்டிலின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. ஓடிக் கீழே போய்க் கேட்டேன்.

“நீ இடதுகைக்காரன். இத்தனை நாளா வலது கையால தடுமாறீட்டிருக்கறே. பார்த்துட்டு எப்படி இருக்கறது?”

நான் இடதுகைக்காரன் என்று அவரிடம் சொன்னதே இல்லை. அன்று ராத்திரி, அந்தத் தாழ்ப்பாளை இரண்டு மூன்று தடவை போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தேன். சுகமாக இருந்தது. கூடவே ஒரு கூச்சம். நான் இல்லாத நேரத்தில் ஒருவர் என் அறைக்குள் வந்து என்னைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். அன்பு அப்படித்தான் வரும் போல, சாவி கேட்காமல்.

ஒரு வாரண்டிச் சண்டையை மாடியிலிருந்து பார்த்தேன். அக்கா பாடி கட்டிக் கொடுத்த லாரி ஒன்று சில மாதங்களில் இழுக்க முடியாமல் திணறியது. கம்பெனி மெக்கானிக் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “பாடி உசரம் ஜாஸ்திங்க, அதான் இஞ்சின் மூச்சு வாங்குது, வாரண்டி வராது,” என்றார். அக்கா காதுக்கு மேலிருந்த சாக்பீஸை எடுத்தார். குனிந்து, இரும்புச் சட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“இந்தக் கோட்டுக்கு அக்கட்ட நான். இக்கட்ட நீ. கெட்டது எந்தப் பக்கம்? சொல்லு.”

அந்த ஆள் கோட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மூடியைத் திறந்து வேலையைத் தொடங்கினார். பொழுதோடு, டீசல் பம்பில்தான் கோளாறு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். “சாமி, உங்க போனுக்கு எப்படி? உள்ளே இருக்கறதை மாத்துனா வாரண்டி போயிருமாமே?”

சொன்னேன். போனுக்குள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. கம்பெனி எழுதின மென்பொருளைத் தவிர வேறு ஏறாமல் அது காவல் நிற்கும். அதைத் திறக்கலாம். திறப்பது குற்றமில்லை. திறந்து வேறு மென்பொருளை ஏற்றுகிறவர்கள் உண்டு. பழைய போன் புதுசு போல ஓடும். ஆனால் திறந்துவிட்டால், எங்கள் கம்பெனி கையை விரித்துவிடும். வேறு சில கம்பெனிக்காரர்கள் எது கெட்டது என்று தனித்தனியாகப் பார்ப்பதும் உண்டு. எங்களிடம் அது கிடையாது.

“மென்பொருள்தானே பாடி? நான் பாடியை மாத்துனா இஞ்சினுக்கு என்ன? திரை கெட்டா, பட்டன் கெட்டா, அது அவன் சரக்குத்தானே?”

“சார்ஜு எவ்வளவு ஏறணும், சூடு எங்கே நிக்கணும், எல்லாத்தையும் மென்பொருள்தானுங்க பார்த்துக்குது. அதை மாத்திட்டா, பேட்டரி வெந்தது அதனாலயா, தானாவான்னு எப்படிச் சொல்றதுன்னு கேப்பாங்க.”

“திரும்பப் பூட்டிட்டா?”

“நிறையப் போனுல தழும்பு நிக்குமுங்க. உள்ளே எழுதியிருக்கும், ஒருக்கா தொறந்தாச்சுன்னு.”

அக்கா தன் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “அப்ப கோட்டை எங்கே போடறது?”

“போனுல கோடு போட இடமில்லீங்க அக்கா.”

“இடமில்லாத பொருளு உண்டா?” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் நம்பவில்லை.

அதே போனில்தான் தன் கணவரைப் பார்ப்பார். லாரிக்கு ஜிபிஎஸ் மாட்டியிருந்தது. திரையில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. சோறு வடிக்கும்போதே எட்டிப் பார்த்து, “நாக்பூர் தாண்டிட்டாரு,” என்பார். ஒரு தடவை புள்ளி வெகுநேரம் நகராமல் இருந்தது. உடனே போன் போட்டு, “அங்கே என்ன சோலி?” என்றார்.

அப்போது அக்காவின் மகள் வாசலில் உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ராசிபுரத்தில் பி.எட். சேர்ந்த வருடம். மெல்லிய குரல், ஆனால் கத்தரிக்கோல் மாதிரி. “அப்பா சித்தே டீ குடிக்கக் கூடாதுங்களாம்மா?”

“நான் அவரைப் பார்க்கலை கண்ணு. லாரியைப் பார்க்கறேன்.”

“லாரிக்குள்ளதான அப்பா இருக்காரு?”

“இருந்தா இருக்கட்டும்,” என்றார் அக்கா. ஆனால் போனைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு நான் சேலத்துக்கே குடி மாறினேன். அடுத்த தைமாதம் அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் என்று அழைப்பு வந்தது. போனேன். மாப்பிள்ளை பெங்களூரில் மென்பொருள் வேலை. அமைதியான, ஒல்லியான பையன். பெரியவர்கள் வந்தால் சட்டென்று எழுந்து நின்றான். தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, புடவை, அதன் மேல் ஒரு கைபேசி டப்பா. எங்கள் கம்பெனிப் போன்தான், அந்த வருடத்தின் விலை கூடியது. மாப்பிள்ளையின் அம்மா தட்டை நீட்ட, அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டில் வந்ததை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

என்னைப் பார்த்ததும் பந்தியிலேயே குனிந்து காதில் சொன்னார். “பையன் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான். இருக்கட்டும். சேஸு நல்ல சேஸு.”

அதற்குப் பிறகு அவரைப் பார்த்தது ஒரே ஒரு தடவை.

வெயில் கொளுத்துகிற ஒரு வெள்ளிக்கிழமை மதியம். சர்வீஸ் சென்டரின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். பின்னால் மகள். காதுக்கு மேலே சாக்பீஸ். பட்டறையிலிருந்து சேலம் வரைக்கும் பஸ்ஸில் அதோடுதான் வந்திருக்கிறார். டோக்கன் எடுக்காமல் நேராக என் மேசைக்கு வந்து, முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்து வைத்தார்.

“சாமி, மாப்பிள்ளை குடுத்த போனு. நேத்துச் செத்துருச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள உயிரோட வேணும்.”

“வாரண்டிதான் இருக்குதுங்களே. அதுக்கு ஏனுங்க மூச்சு வாங்கறீங்க?”

அக்கா மகளைப் பார்த்தார். மகள் மேசையைப் பார்த்தபடி பேசினாள். குரல் பழையபடி மெல்லியதுதான். கத்தரிக்கோல் இல்லை.

“நான் எங்கே இருக்கறேன்னு பெங்களூர்ல இருக்கற அவங்களுக்குத் தெரியுமுங்க அண்ணா. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல நின்னா, இவ்வளவு நேரம் அங்கே எதுக்கு நிக்கறேன்னு கேப்பாங்க. நான் சொல்லியிருக்கவே மாட்டேன். மொதல்ல, அக்கறைன்னு நெனைச்சேன். அப்பறம் ஒரு நாள், சிநேகிதிக்கு அனுப்பிச்ச வார்த்தை, அப்படியே, அவங்க வாயில வந்துச்சு.”

“என்ன வார்த்தைங்க?”

“பயமா இருக்குதுன்னு எழுதியிருந்தேன். ‘எதுக்குப் பயம்?’னு கேட்டாங்க.”

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைச் சொன்னார். லாரிகளுக்கு ஜிபிஎஸ் மாட்டுகிறவரைப் பட்டறைக்கு வரவழைத்துப் போனைக் காட்டியிருக்கிறார். அவர் ஒரு மணி நேரம் நோண்டிவிட்டு, உள்ளே வேவு பார்க்கிற ஒன்று ஓடுகிறது என்றார். எல்லாவற்றையும் அழித்துப் பார்த்தார். போனை ஆன் செய்ததும் மறுபடியும் அது அங்கேயே இருந்தது. அடித்தளத்திலேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள், இதை எடுக்க வேண்டும் என்றால் மென்பொருளையே மாற்ற வேண்டும் என்றார்.

“லாரிக்கு மாட்டறதை எம்புள்ளைக்கு மாட்டியிருக்காரு சாமி.” அப்போதும் ‘இருக்காரு’தான். மரியாதை விடவில்லை. “மாத்துன்னு சொல்லிட்டேன். பாடி பூராத்தையும் கழட்டிட்டு வேற போட்டாச்சு. பத்து நாளு நல்லா ஓடுச்சு. போனு ஏதோ மக்கர் பண்ணுது, அதான் ஒண்ணும் தெரியலைன்னு அவர் நெனைச்சுட்டிருந்தாரு. நேத்துச் சுத்தமா நின்னுருச்சு. ஞாயித்துக்கெழமை நேர்ல வந்து, நானே எடுத்துட்டுப் போய்ச் சரி பண்றேங்கறாரு. சர்வீஸுக்கு மட்டும் குடுத்தராதீங்கங்கறாரு.”

“எடுத்துட்டுப் போனா...”

“தொறந்து பார்ப்பாரு. அவர் வெச்ச கண்ணை நாம புடுங்கிட்டோம்னு தெரியும். இந்தச் சம்பந்தம் நிக்காது. அதுக்கு முந்தி நீ உள்ளே இருக்கற சர்க்யூட் பலகையை மாத்திக் குடுத்தியின்னா, கம்பெனி மென்பொருளோட புதுசா வந்துரும். தொட்ட சாடையே தெரியாது.”

“நேரா அவரையே கேட்டிருக்கலாமுங்களே அக்கா.”

“பத்திரிகை அடிச்சாச்சு. ஒறம்பரை, சொந்தக்காரங்களுக்கெல்லாம் வெத்தலை வெச்சாச்சு. கெட்ட பையன் இல்ல சாமி, பயந்த பையன். கல்யாணம் ஆகட்டும். எங்க ஊட்டு மனுசனைக்கூட நான் அப்படியேவா வெச்சிருக்கேன்? பாடியை நாம கட்டிக்கலாம்.”

மகள் விரல் நகத்தால் மேசைக் கண்ணாடியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னதில் எனக்குப் பயம் தந்தது அந்த நம்பிக்கைதான். வாஷிங் மெஷின், கதவு, தாழ்ப்பாள், கணவர். இதுவரை எதுவும் அவரைத் தோற்கடித்ததில்லை.

போனின் எண்ணைக் கணினியில் அடித்தேன். எண்ணை அடித்தால், அது யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகும். அது எங்கள் வழக்கம். பிறகு போனின் பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தேன்.

திரை விழித்தது. கம்பெனிப் பெயர் வருவதற்கு முன்னால், கறுப்பில் ஒரு சின்னப் பூட்டு. திறந்த பூட்டு. அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எச்சரிக்கை. ஒரு மூச்சு நேரம். அப்புறம் அணைந்துவிட்டது.

“அக்கா, பலகை மாத்த முடியாதுங்க. வாரண்டி நிக்காது. பூட்டைத் தொறந்ததை இதுவே சொல்லுது. உங்க ஜிபிஎஸ்காரர் தொறந்துட்டாரு.”

“அவன் தொறக்கலையே.”

“தொறக்காம வேற மென்பொருள் ஏறாதுங்க.”

“இல்ல சாமி. அவன்தான் சொன்னான், ‘பூட்டைத் தொறக்கற வேலையே இல்லீங்கக்கா, ஏற்கெனவே தொறந்துதான் கெடக்குது’ன்னு. நல்லதாப் போச்சு, வேலை மிச்சம்னு நெனைச்சேன். அப்படியேதானே வரும்?”

நான் போனை மேசையில் வைத்தேன். “கம்பெனியில இருந்து தொறந்து வராதுங்க அக்கா.”

“இந்தப் பூட்டுப் படம் மொதல் நாள்ல இருந்தே வருமுங்க அண்ணா,” என்றாள் மகள். “இது என்னன்னு அவங்களைக் கேட்டேன். புது மாடல்ல அப்படித்தான் வரும்னாங்க.” அம்மாவின் பக்கம் திரும்பினாள். “டப்பாவோட ஸ்டிக்கரும் கிழிஞ்சுதான் இருந்துச்சும்மா.”

நிச்சயத்தன்று தட்டை ஏந்திய அக்காவின் இரண்டு கைகளும் இப்போது மேசை மேல் இருந்தன. டப்பா டப்பாவாகப் பிரித்துப் பின்பக்கம் பார்த்துப் பழகிய கைகள். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏமாந்த வியாபாரியின் முகம்கூட இல்லை. வேறு யாரோ தன் சாக்பீஸை எடுத்துத் தன் வீட்டுச் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போனதைப் பார்க்கிற முகம்.

அப்போது அவர் போன் அடித்தது. திரையில் ‘மாப்பிள்ளை’ என்று இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிடுவார் என நினைத்தேன். எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, இறந்த போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அத்தை, எங்கே இருக்கீங்க?”

“உங்களுக்குத் தெரியாதுங்களா மாப்பிள்ளை?”

“மெசேஜ் வந்துச்சு. சர்வீஸ்ல குடுக்க வேண்டாம்னு சொன்னேனே அத்தை. நானே வந்து எடுத்துக்கறேன்னேனே.”

“வாரண்டி இருக்குதே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு வந்தோமுங்க.”

“அதெல்லாம் வேண்டாம். திருப்பி வாங்கிட்டுக் கெளம்புங்க. அவங்க ஏதாச்சும் சொன்னாங்களா?”

“மாப்பிள்ளை, டப்பாவைப் பிரிச்சது யாருங்க?”

எங்கோ ஒரு லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் போனுக்குள் கேட்டது.

“செட் பண்ணிக் குடுக்கலாம்னுதான் அத்தை. அவ பாதுகாப்புக்குத்தான். தெனம் தனியா பஸ்ஸுல போய் வர்ற பொண்ணு. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க.”

“சொன்னா ஒத்துக்குவீங்களா?”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பணிவாகத்தான் சொன்னான், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கிற அதே பணிவு. எனக்கு மாடியறையின் தாழ்ப்பாள் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. அக்காவுக்கு எது நினைவுக்கு வந்ததோ. பச்சைப் புள்ளியா, நாக்பூரில் டீ குடித்துக்கொண்டிருந்த மனிதரா, தெரியாது. காதுக்கு மேலிருந்து சாக்பீஸை எடுத்தார். மேசைக் கண்ணாடியில், அந்தக் குரல் வருகிற போனுக்கும் மகள் கைக்கும் நடுவில், மெதுவாக ஒரு கோடு போட்டார். கண்ணாடியில் சாக்பீஸ் பிடிக்காது. வழுக்கியது. மறுபடியும் அழுத்திப் போட்டார்.

“சரிங்க தம்பி. வெச்சர்றனுங்க.”

தம்பி என்ற சொல்லில் மகள் தலையைத் தூக்கினாள். அந்தப் பக்கமும் அது கேட்டிருக்க வேண்டும். “அத்தை, ஒரு நிமிசம்...” என்பதற்குள் அக்கா வைத்துவிட்டார்.

“அக்கா,” என்றேன், “இன்னும் ஒண்ணும் எழுதலை. ‘வாடிக்கையாளரே திருப்பி வாங்கிக்கிட்டார்’னு போட்டு முடிச்சர்றேன். காரணம் எழுத வேண்டியதில்லை. மத்ததை நீங்க ஊட்டுல பேசிக்கலாம்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “ஏங்கண்ணு?”

மகள் கோட்டின் மேல் விழுந்திருந்த சாக்பீஸ் தூளை விரலால் தொட்டுப் பார்த்தாள். “ஞாயித்துக்கெழமை அவங்க வர வேண்டாம்னு சொல்லிருங்கம்மா.”

“பத்திரிகை?”

“நீங்கதான எல்லாத்தையும் மாத்துவீங்க.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முழுசாக வெளியே வருவதற்குள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “எழுது சாமி. கம்பெனிச் சீட்டுல எழுது. பூட்டைத் தொறந்திருக்குது, மென்பொருளை மாத்தியிருக்குது, வாரண்டி இல்லைன்னு.”

“யாரு தொறந்தாங்கன்னு என்னால எழுத முடியாதுங்க. தொறந்திருக்குதுன்னு மட்டுந்தான். அந்தச் சேதியும் அவருக்குத்தான் போகும்.”

“போகட்டும். யாருன்னு அவனுக்குத் தெரியும்.” ‘இருக்காரு’ போய் ‘அவன்’ வந்துவிட்டது. “பாதி அவன், பாதி நானு. ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

எழுதினேன். அடுத்த மாதமே என்னை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். திருமணம் நின்றதைக் கேள்விப்பட்டேன்; அந்தப் பெண் எங்கோ பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதையும். அக்காவைப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அந்தக் கோட்டை அன்று சாயங்காலம் கூட்டுகிற அம்மா வந்து துடைக்கும்வரை நான் தொடவில்லை. போன்களை அதற்கு இந்தப் பக்கமாகவே வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று அந்தச் சீட்டை மடித்துப் போனோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டார் அக்கா. சாக்பீஸைக் காதுக்கு மேலே ஏற்றினார். மகள் முன்னால் போய்க் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வெயிலும் பஸ் சத்தமும்.

“தட்டுல வெச்சுக் குடுத்தாங்க. தட்டுலயே வெச்சுத் திருப்பிக் குடுத்தர்றோம்,” என்றார், யாரிடமும் இல்லாமல். கதவு வரைக்கும் போனவர் நின்று திரும்பினார். மூன்று வருடம் என்னைக் கேலி செய்த அதே கண்.

“இல்லைன்னு சொல்றது லேசுப்பட்ட வேலை இல்ல போல சாமி. வாரேன்.”